பச்சோந்திக்குத் தைத்த திரை

என் மச்சினன் அந்தக் கூண்டைக் கூடத்தில் இறக்கி வைத்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, “கடிக்குமா?” என்பதுதான்.

“கடிக்காது மாமா. ஆனா தொட்டா பிடிக்காது. கூப்பிட்டா வர மாட்டாரு. வாயைத் திறந்து ஒண்ணும் கேக்க மாட்டாரு. வேணுங்கறதை நாமளே கண்டுபிடிச்சு மூக்குக்கு நேரா நீட்டணும். கொஞ்சம் கொறஞ்சாலும் மூஞ்சி கறுத்துடும். உங்களுக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா, கல்யாணம் ஆன புதுசுல எங்க வீட்டுக்கு வந்து உக்காந்திருந்தீங்களே, அந்த மாதிரி.”

என் மனைவி சிரித்தாள். வாய்விட்டே சிரித்தாள். அந்தச் சத்தம் எங்கள் வீட்டில் கேட்டு ரொம்ப நாளாகியிருந்ததால் நானும் மச்சினனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“அப்ப இவரு பேரு மாப்பிள்ளைதான்” என்றாள்.

உள்ளே குச்சியைப் பிடித்துக்கொண்டிருந்த பச்சோந்தி ஒரு கண்ணை அவள் பக்கமும் இன்னொரு கண்ணை என் பக்கமும் திருப்பிற்று. எங்கள் இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் தனித்தனியாக எடைபோட்ட முதல் உயிர் அதுதான்.

மச்சினனுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தது. கம்பெனி கொடுக்கும் அறையில் பிராணிகள் வைத்துக்கொள்ள விடமாட்டார்களாம். “கொஞ்ச நாள் பாத்துக்கக்கா” என்று சொல்லித்தான் கொண்டுவந்தான். ஆனால் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள அவனுக்கு நண்பர்கள் நிறைய இருந்தார்கள். அவன் எங்களிடம் கொண்டுவந்ததற்குக் காரணம் வேறு. அதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றது விளங்கும்.

அதற்கு முந்தின மழைக்காலத்தில் எங்கள் குழந்தை வயிற்றிலேயே தவறிவிட்டது. எட்டாம் மாதம். என் மனைவி வீட்டில் தனியாக இருந்தாள். நான் வேலையில் இருந்தேன். என் வேலை குளிர்பதனக் கிடங்கில். உறைந்த மீனும் காய்கறியும் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும், பெட்டி பெட்டியாக ஏறும். மூச்சு வெள்ளையாக வெளியே வரும் இடம். உள்ளே கொண்டுபோனால் குளிரில் போன் பேட்டரி இறங்கிவிடும் என்று எல்லாரும் போனை வெளியே அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போவோம். அவள் கூப்பிட்டிருக்கிறாள், கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். அலமாரிக்குள் அது அடித்து அடித்து ஓய்ந்திருக்கிறது.

யார் பக்கத்தில் இருந்திருந்தாலும் அந்தக் குழந்தையைக் காப்பாற்றியிருக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் தெளிவாகச் சொன்னார்கள். நான் நம்பினேன். அவள் நம்பவில்லை. “பக்கத்துல ஒரு ஆள் பாத்துக்கிட்டே இருந்திருந்தா” என்பாள். அதற்கு மேல் அந்த வாக்கியம் போகாது. குழந்தையை அவள் கண்ணில் காட்டவும் இல்லை. பார்த்தால் தாங்க மாட்டாள் என்று பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள்.

அதன் பிறகு அவள் எதையும் பார்க்காமல் விடுவதில்லை. பால் பொங்குகிற வரை அடுப்பு முன்னால் நிற்பாள். குளியலறைக் கதவை நான் தாழிட்டால் வெளியே நின்று, “என்னங்க, சத்தம் குடுங்க” என்பாள். விடுமுறை நாளில் நான் மதியம் கண் அசந்தால், விழிக்கும்போது எதிரே நாற்காலியில் உட்கார்ந்து என் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் மட்டும் பகலில் கண்ணை மூடவே மாட்டாள்.

அப்படிப்பட்டவளிடம்தான் தம்பி பச்சோந்தியைக் கொடுத்தான். நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ள ஏதாவது இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறான். நல்ல யோசனை என்றுதான் நானும் நினைத்தேன்.

கூண்டு என் நெஞ்சு உயரம். நாலு பக்கமும் வலை. கண்ணாடி கூடாது, தன் உருவத்தைத் தானே பார்த்து, எவனோ வந்துவிட்டான் என்று முறைத்து முறைத்தே நோயில் விழுந்துவிடுமாம். உள்ளே தொட்டியில் படர்கொடி, குறுக்கும் நெடுக்குமாகக் குச்சிகள். மேலே இரண்டு விளக்கு, ஒன்று சூட்டுக்கு, ஒன்று வெயிலுக்குப் பதிலாக. கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் அது தண்ணீர் என்றே அதற்குத் தெரியாது. இலை மேல் தெளித்துவிட வேண்டும். சொட்டு உருண்டு நுனிக்கு வரும்போது நாக்கை நீட்டி வாங்கிக்கொள்ளும். தின்பதற்கு உயிரோடு பூச்சி. பூச்சியைச் சுண்ணாம்புச் சத்துப் பொடியில் புரட்டி எடுத்து, இடுக்கியால் பிடித்து நீட்டுவாள். எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு கண்ணும் மெதுவாக முன்னால் வந்து ஒன்றாகச் சேரும். அடுத்த கணம் பூச்சி இருக்காது.

“பாத்தீங்களா?” என்பாள் என்னிடம், ஏதோ அவளே பிடித்த மாதிரி.

என் மனைவி துணிக்கடைகளுக்கு ஆல்டரேஷன் வேலை செய்கிறவள். கால்சட்டை நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, திரைச்சீலைக்கு ஓரம் அடிப்பது. எல்லாவற்றையும் விட காஜா எடுப்பதில் அவளுக்குப் பெயர் அதிகம். பொத்தான் நுழைகிற துளையை மெஷினில் போடாமல், விளிம்பைச் சுற்றிக் கையாலேயே நூல் கட்டி முடிப்பாள். விலை உயர்ந்த கோட்டு வந்தால் கடைக்காரர் அதை அவளுக்கென்று எடுத்து வைப்பார். தையல் மெஷினைக் கூண்டுக்குப் பக்கத்திலேயே நகர்த்திப் போட்டுக்கொண்டாள். மாப்பிள்ளை மெஷின் சத்தத்துக்குப் பழகினார். சாயங்காலம் நான் வரும்போது ஒரு கண் ஊசியையும் ஒரு கண் வாசலையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

மாடிவீட்டு அக்கா ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, “ஊரெல்லாம் நாய் வளக்குது, பூனை வளக்குது. உனக்கு இதுதான் கெடச்சுதா? நெறம் மாத்தற ஜந்துவை வீட்டுக்குள்ள வெச்சா நாளைக்கு உன் புருஷனும் மாத்துவான்” என்றார்.

“மாத்துனா நல்லாத்தாங்க்கா இருக்கும்” என்றாள் இவள். “வந்த நாள்லேருந்து ஒரே கலர்லதான் இருக்காரு.”

கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் தினமும் கேட்பார். “என்னய்யா, மந்திரி எப்படி இருக்காரு? எந்தக் கட்சின்னு சொன்னாரா?”

“பேச்சுவார்த்தை நடக்குது” என்பேன்.

இப்படிச் சில மாதங்கள் போயின. அந்த மாதங்களைப் பற்றி எழுதுவதற்கு நிறைய இல்லை. நன்றாக இருந்தோம்.

பிறகு மாப்பிள்ளை சாப்பாட்டை நிறுத்திவிட்டார். பூச்சியை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உடம்பு கரும்பச்சையாகி அதன் மேல் மஞ்சளும் நீலமுமாகப் புள்ளிகள் வந்தன. குச்சியில் ஓர் இடத்தில் நிற்காமல் மேலும் கீழும் அலைந்து, கூண்டின் அடியில் இறங்கித் தகட்டைச் சுரண்ட ஆரம்பித்தார். நாங்கள் பயந்துபோய்க் காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்துப் பிராணிகள் டாக்டரிடம் தூக்கிப்போனோம்.

டாக்டரம்மா வயிற்றை விரல் நுனியால் தடவிப் பார்த்துவிட்டு, சீட்டைப் பார்த்தார். “மாப்பிள்ளைன்னு பேர் போட்டிருக்கீங்க?”

“ஆமாங்க” என்றேன்.

“இது பொண்ணுங்க. வயிறு முழுக்க முட்டை.”

பெட்டியின் விளிம்பைப் பிடித்திருந்த என் மனைவியின் கை இறுகியது.

“ஆண் துணை இல்லாமலேவா?” என்று கேட்டேன்.

“சேவல் இல்லாம கோழி முட்டை போடறதில்லையா? அந்த மாதிரிதான். குஞ்சு வராது. ஆனா முட்டை வெளிய வந்தாகணும். வராட்டி உயிருக்கே ஆபத்து. ஒரு பெரிய வாளியில ஈரமணல் நெறைய நிரப்பிக் கூண்டுக்குள்ள வெச்சுடுங்க. அதுவே இறங்கித் தோண்டி முட்டை வெச்சு மூடிட்டு ஏறிடும்.” டாக்டரம்மா கையுறையைக் கழற்றியபடி சொன்னார்: “முக்கியமா ஒண்ணு. தோண்ட ஆரம்பிச்சா யாரும் பாக்கக் கூடாது. மரத்துலயே வாழற ஜீவன் இது. தரைக்கு இறங்கறது இதுக்கு மட்டும்தான். தரையில அதுக்கு எல்லாமே எதிரி. ஒரு கண்ணு தன்னைப் பாக்குதுன்னு தெரிஞ்சா போதும், தோண்டின குழியை அப்படியே விட்டுட்டு ஏறிடும். திரும்பத் திரும்ப அப்படி ஆச்சுன்னா முட்டையை உள்ளயே அடக்கிக்கும். அதனால கூண்டைத் துணி போட்டு மூடிடுங்க.”

“எவ்வளவு நேரம் தனியா இருக்கணும்?” என்று என் மனைவி கேட்டாள்.

“ஒரு நாள் ஆகலாம். ரெண்டு நாளும் ஆகலாம்.”

“தனியாவா?”

“தனியாதாம்மா.”

“நடுவுல அதுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?”

“நீங்க பாத்தாத்தாம்மா ஏதாவது ஆகும்.”

திரும்பி வரும் வழியெல்லாம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். வீட்டுக்கு அருகில் வந்தபோது, “தனியா விட்டுடுங்கன்னு எவ்வளவு சுலபமா சொல்லிட்டாங்க” என்றாள். அன்றிலிருந்து அவள் வாயில் மாப்பிள்ளை என்ற பெயர் வரவில்லை. ‘இவ’ என்றுதான் சொன்னாள். இவளுக்குப் பசிக்கலை, இவளுக்குக் குளிருது. வேறு பெயர் வைக்கலாமே என்று நான் கேட்கவில்லை. நாங்கள் பெண் பிள்ளைக்கென்று ஒரு பெயர் எடுத்து வைத்திருந்தோம். அது எங்கள் இருவருக்கும் ஞாபகம் இருந்தது.

மணல் நான்தான் கொண்டுவந்தேன். அலசி, ஈரம் பார்த்து, கையால் குழி தோண்டினால் இடியாமல் நிற்கிறதா என்று சோதித்து வாளியை நிரப்பினேன். அவள் திரை தைத்தாள். கடையில் மிஞ்சிய அடர்நீலத் திரைச்சீலைத் துணி, உள்பக்கம் இன்னொரு துணி வைத்து இரட்டையாக. கூண்டின் மேல் தொப்பி மாதிரி இறக்கிவிட்டால் நாலு பக்கமும் தரை வரை வந்து நின்றது.

“பல்லக்குக்கு மூடி போட்ட மாதிரி இருக்கே” என்றேன்.

“பிரசவத்துக்குப் போறவளுக்கு இதுகூட இல்லைன்னா எப்படி?” என்றாள். முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் தைரியமாக வேலைக்குப் போனேன்.

அன்று சாயங்காலம் வாசலிலேயே காத்திருந்தாள். “என்னங்க, இவ தோண்டறா!”

“நீ பாத்தியா?”

“பாக்கலை. மண்ணு சரசரன்னு விழற சத்தம். காது குடுத்துக் கேட்டேன். முன்னங்கால்ல பறிச்சுப் பின்னங்கால்ல தள்றா.”

சத்தத்தை மட்டும் கேட்டு எந்தக் கால் என்று எப்படித் தெரியும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அவள் சந்தோஷத்தில் நானும் இருந்தேன்.

மறுநாள் சத்தம் நின்றுவிட்டது என்றாள். பிறகு வேறு மூலையில் தோண்டுகிற சத்தம் கேட்டது, அதுவும் நின்றது. மூன்றாவது முறை வாளியையே விட்டுவிட்டுச் செடித்தொட்டியில் சுரண்டியதாகச் சொன்னாள். சொல்லும்போது குரல் தேய்ந்திருந்தது. “ஏங்க இப்படிப் பாதியில பாதியில விட்டுட்டுப் போறா? பயமா இருக்குங்க. யாராவது பக்கத்துல இருந்தா அவளுக்குத் தைரியமா இருக்கும்ல?”

“டாக்டரம்மா சொன்னாங்க இல்ல? விடு. அதுவே பாத்துக்கும்.”

“ஆமா, அதுவே பாத்துக்கும்” என்று அவள் திருப்பிச் சொன்னாள்.

பிறகு ஒரு காலையில் திரையைத் தூக்கியபோது அது தரையில் கிடந்தது. பகல் வெளிச்சத்தில் கண்ணை மூடியிருந்தது. கண் இரண்டும் உள்ளே போயிருந்தன.

டாக்டரம்மா ஊசி போட்டார், சொட்டு மருந்து கொடுத்தார், வயிற்றைக் கீறி எடுக்கவும் பார்த்தார். நாங்கள் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு எதிரே ஒருவர் கட்டுப்போட்ட நாயை வைத்துக்கொண்டு அதன் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா வெளியே வந்தபோதே அவர் நடையில் தெரிந்துவிட்டது.

“ரொம்பப் பலவீனமா இருந்துச்சு. மனசைத் தேத்திக்குங்க” என்றவர், தயங்கி, “தோண்டறப்ப யாராவது பாத்தீங்களா?” என்று கேட்டார்.

“இல்லைங்க. துணி போட்டு மூடித்தான் வெச்சிருந்தேன்” என்றாள் என் மனைவி. பொய் சொல்கிற முகம் இல்லை அது. அவள் அதை நம்பித்தான் சொன்னாள்.

“சில சமயம் எல்லாம் சரியா செஞ்சாலும் இப்படி ஆகறது உண்டு” என்றார் டாக்டரம்மா.

வரும் வழியில் ஆட்டோவில் அவள் பெட்டியின் மூடியைத் திறந்தே வைத்திருந்தாள். திடீரென்று என் கையைப் பிடித்தாள். “என்னங்க! நிறம் மாறுது பாருங்க. இங்க பச்சை வருது பாருங்க. உயிர் இருக்குங்க. திருப்புங்க, திரும்பப் போலாம்.”

உண்மையாகவே மாறிக்கொண்டிருந்தது. விலாவில் கறுப்பு விலகி இளம்பச்சை மெல்லப் பரவிற்று, ஓர் இடத்தில் மஞ்சள் எழுந்து அடங்கிற்று. உயிர் போன பிறகும் சற்று நேரம் தோல் இப்படி மாறும் என்று டாக்டரம்மா என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அதை நான் அவளிடம் சொல்லவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். நிறம் எல்லாம் நின்று ஒரே சாம்பலாக ஆகிற வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மொட்டைமாடியில் பெரிய பூந்தொட்டி ஒன்று இருந்தது. அதில் புதைத்தோம்.

அவள் படுத்துக்கொண்டாள். நான் கூண்டை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தேன். விளக்குகளை அணைத்தேன், வாளியை எடுத்து வெளியே வைத்தேன். மணலில் பாதிவரை தோண்டிய குழிகள் அப்படியே இருந்தன. பிறகு திரையை எடுத்து மடித்தேன். மடிக்கும்போது விரலில் ஏதோ நெருடிற்று.

அது ஒரு காஜா.

தையல் மெஷின் இருக்கும் பக்கத்தில், ஸ்டூலில் உட்கார்ந்தால் கண் வருகிற உயரத்தில், இரண்டு துணியையும் சேர்த்துக் கீறி, அதே நீல நூலால் விளிம்பு கட்டி, கோட்டுக்குப் போடுவது போல அவ்வளவு நேர்த்தியாகப் போட்டிருந்தாள். பொத்தான் கிடையாது. வெளியிலிருந்து பார்த்தால் மடிப்பில் தெரியாது. நான் திரையைக் கூண்டின் மேல் திரும்பப் போட்டு, விளக்கை மறுபடி ஏற்றினேன். ஸ்டூலில் உட்கார்ந்து அந்தத் துளையில் கண்ணை வைத்தேன். உள்ளே குச்சி, செடி, வாளி வைத்த இடம் எல்லாம் தெரிந்தன. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்திருக்கிறாள், நாள் முழுக்க. ஏதாவது ஆகிவிட்டால் ஓடுவதற்கு ஒரு ஆள் வேண்டும் என்று. அவள் கணக்கில் அது பார்ப்பதில்லை, காவல் இருப்பது.

உள்ளேயிருந்தது இரண்டு கண்ணையும் தனித்தனியாகச் சுழற்றக்கூடியது. இருட்டுத் துணியில் ஒரே ஒரு வெளிச்சக் கீற்று, அதில் நகர்கிற ஒரு மனிதக் கண். அதற்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். மூன்று முறையும் கீழே இறங்கித் தோண்டி, நிமிர்ந்து பார்த்து, அந்தக் கண் இன்னும் அங்கேயே இருப்பதைக் கண்டு, குழியை விட்டுவிட்டு ஏறியிருக்கிறது.

எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. இது அவளுக்குத் தெரியக் கூடாது. முதல் குழந்தை யாரும் பார்க்காததால் போயிற்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறவளிடம், இது நீ பார்த்ததால் போயிற்று என்று எந்த வாயால் சொல்வது? அதன் பிறகு அவள் எதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பாள்? திரையைச் சுருட்டிப் பையில் போட்டு, மறுநாள் கிடங்கில் என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

விஷயம் கேள்விப்பட்டு மச்சினன் வந்தான். அக்காவைக் கட்டிப்பிடித்து அழுதான். பிறகு கூண்டைச் சுற்றி வந்தான். ஆணா பெண்ணா என்பதில் ஏமாந்திருந்தானே தவிர, அவனுக்கு இந்த ஜீவன்களின் சங்கதியெல்லாம் தெரியும். டாக்டரம்மா நாசூக்காக விட்டதை இவன் விட மாட்டான் என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். விடவில்லை.

“எத்தனை குழி தோண்டுச்சுக்கா?”

“மூணு” என்றாள்.

“மூணையும் பாதியில விட்டுடுச்சா?”

“ஆமாடா.”

“மூடி வெச்சிருந்தியா?”

“மூடித்தான்டா வெச்சிருந்தேன். இரட்டைத் துணி.”

“அப்ப யாரோ பாத்திருக்கணும்கா. சும்மா எல்லாம் அது குழியை விடாது. யாரோ பாத்திருக்காங்க. அதுதான் கொன்னுடுச்சு.”

அவள் கையிலிருந்த டம்ளர் பாதி வழியில் நின்றது. உதடு பிரிந்தது. “நான் வந்து…” என்று ஆரம்பித்தாள். அவள் முகத்தில் அது மெல்ல இறங்குவதை நான் பார்த்தேன். இன்னும் ஒரு நொடி விட்டிருந்தால் முழுவதும் இறங்கியிருக்கும்.

“நான்தான் பாத்தேன்” என்றேன்.

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள்.

“வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னால துணியைத் தூக்கித் தூக்கிப் பாத்தேன். மனசு கேக்கல. ஒருநாள் மதியம்கூட வந்து பாத்துட்டுப் போனேன். ஒரு தடவை அது என்னைப் பாத்து வாயைப் பொளந்துச்சு. அப்பவும் புத்தி வரல.”

“மாமா, உங்களுக்கு ஏதாவது இருக்கா?” மச்சினன் எழுந்துவிட்டான். “டாக்டர் அவ்வளவு சொல்லியும்… சின்னப் புள்ளையா நீங்க? வேடிக்கை பாக்கறதுக்கு அது என்ன டிவி பொட்டியா? அக்கா பக்கத்துலயே உக்காந்துகிட்டு அடக்கமா இருந்திருக்கா. உங்களால முடியலையா?”

“முடியல” என்றேன்.

என் மனைவி டம்ளரைக் கீழே வைத்தாள். அவள் என்னைப் பார்த்த பார்வையில் முதலில் திகைப்பு இருந்தது. பிறகு அது மாறிற்று.

“இருக்க வேண்டிய அன்னைக்கு நீங்க இல்ல” என்றாள். சத்தமே போடவில்லை. “இல்லாம இருக்க வேண்டிய அன்னைக்கு மட்டும் எதுக்குங்க வந்து நின்னீங்க?”

இத்தனை மாதங்களாக அந்த முதல் பாதியை அவள் என்னிடம் சொன்னதில்லை. நெஞ்சுக்குள் வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். வெளியே வந்தது நல்லதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. சுவரில் இருந்த ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நாள் வந்து இருக்கட்டும் என்று மச்சினன் அக்காவைத் தன்னோடு அழைத்துப் போனான். கம்பெனி அறையை விட்டுவிட்டு, வேலை செய்கிற இடத்துக்குப் பக்கத்தில் இப்போது வீடு எடுத்திருந்தான். கூண்டை எடுத்துக்கொண்டு போகவில்லை. அப்புறம் ஆள் அனுப்புகிறேன் என்றான், அனுப்பவில்லை.

கூண்டுக்குள் செடி இருந்தது. அதை வாடவிட எனக்கு மனமில்லை. காலையிலும் மாலையிலும் அவள் செய்தது போலவே இலைகளில் தண்ணீர் தெளித்தேன். சொட்டு உருண்டு நுனிக்கு வந்து கொஞ்சம் நின்று விழும். வாங்கிக்கொள்ள நாக்கு இல்லை. வெயில் விளக்கையும் போட்டு வைத்தேன். மாடிவீட்டு அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, “யாருக்குய்யா லைட்டு?” என்று கேட்டார். “செடிக்கு” என்றேன். அவர் வழக்கம்போல ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். பேசாமல் போய்விட்டார்.

கிடங்கில் நான் இப்போது போனை அலமாரியில் வைப்பதில்லை. பனியனுக்குள், உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்கிறேன். உடம்புச் சூட்டில் பேட்டரி தாங்குகிறது. இது முன்னாலேயே தோன்றியிருக்கலாம்.

நேற்று மதியம், கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போகிற நேரத்தில் அது நெஞ்சில் அதிர்ந்தது. அவள்தான்.

“செடிக்குத் தண்ணி அடிக்கிறீங்களா?”

“அடிக்கிறேன்.”

“இலை மேல தூசி உக்காந்திருக்கும். துடைச்சு விடுங்க.”

“சரி.”

பிறகு, “அந்தத் திரை எங்க?” என்றாள்.

என் எதிரேயே அலமாரி இருந்தது. உள்ளே பையில் திரை இருந்தது.

“குப்பையில போட்டுட்டேன்” என்றேன்.

“பிரிச்சுப் பாத்தீங்களா?”

“பிரிச்சுப் பாக்க அதுல என்ன இருக்கு? துணிதானே.”

“துணிதான்” என்றாள். அவளுக்கு இன்னும் ஏதோ கேட்க வேண்டியிருப்பது எனக்குத் தெரிந்தது. காத்திருந்தேன். “நீங்க ஒருநாள் மதியம் வந்ததா சொன்னீங்களே. அப்ப நான் எங்க இருந்தேன்?”

நான் அதை யோசித்து வைத்திருக்கவில்லை.

“தூங்கிட்டிருந்தே” என்றேன்.

“நானா?”

“அசந்து தூங்கிட்டிருந்தே. எழுப்ப மனசு வரல.”

குழந்தை போன நாளிலிருந்து பகலில் ஒரு நிமிஷம் கண்ணை மூடாதவள் அவள். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அந்தப் பக்கம் வாயைக் கையால் பொத்திக்கொள்கிற சத்தம் கேட்டது. பொத்திய கைக்குள் அவள் அழுவது கேட்டது.

ரொம்ப நேரத்துக்குப் பிறகு, “தூங்கித்தான் இருப்பேன்” என்றாள்.

“ஆமா.”

“வெச்சுடாதீங்க.”

“வெக்கல.”

“ஒண்ணும் பேச வேணாம். லைன்ல இருங்க, அது போதும்.”

உள்ளேயிருந்து ஃபோர்க்லிஃப்ட்காரர் கதவைப் பாதி திறந்து, “என்னய்யா, வண்டி நிக்குது!” என்று கத்தினார். வெள்ளைப் பனி காலடியில் புரண்டு வந்தது. நான் ஒரு கையை உயர்த்திக் காட்டிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். போன் காதில் சூடாக இருந்தது. அவள் பேசவில்லை. நானும் பேசவில்லை. இருந்தேன்.